அணையில் எத்தனை அடி? மலை நீர்த்தேக்கம் பற்றி வாசகர் கேள்விகள்

மலை அணைகளின் நீர்மட்டம், படகு, நீச்சல், கரையில் தங்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். அணைப் பராமரிப்பிலும் படகுப் பயிற்சியிலும் இருப்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு அணையில் 142 அடி என்கிறார்கள், இன்னொன்றில் 2,403 அடி என்கிறார்கள். இரண்டாவது அணை அவ்வளவு ஆழமா?

இல்லை. எந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பெரியாற்றில் மேலே இருக்கும் முல்லைப் பெரியாறு அணையில் ஆற்றுப்படுகையை ஒட்டிய அடிமட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். அதே ஆற்றில் கீழே இருக்கும் இடுக்கியில் கடல் மட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். அங்கே நிறைமட்டம் 2,403 அடி. சிறிய எண் காட்டும் ஏரிதான் உண்மையில் மலையில் அதிக உயரத்தில் இருக்கிறது.

142 அடி என்றதும் 142 அடித் தண்ணீரையும் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முல்லைப் பெரியாறில் 104 அடிக்குக் கீழே இருப்பது, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கத்துக்கு எட்டாத தண்ணீர். எல்லா அணையிலும் இப்படி ஒரு அடித்தேக்கம் உண்டு. ஆகவே மட்டத்தைப் பார்க்கும்போது மூன்று எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: நிறைமட்டம், இன்றைய மட்டம், தண்ணீர் எடுக்க முடிகிற கடைசி மட்டம். படகு வைத்திருப்பவருக்கு நான்காவதாக ஒன்று வேண்டும். படகு இறக்கும் சரிவுத்தளத்தின் கான்கிரீட் எந்த மட்டத்தில் முடிகிறது என்பது அது. எந்தச் செய்தியிலும் வராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். மற்ற மூன்றையும்விட உங்களுக்குப் பயன்படுவது அதுதான்.

கேள்வி: மட்டம் 80 சதவீதம் இருக்கிறது, ஆனால் கொள்ளளவு பாதிதான் என்கிறார்கள். கணக்கு இடிக்கிறதே?

இடிக்கவில்லை. மலை அணை தொட்டி மாதிரி செங்குத்தாக நிற்பதில்லை. பள்ளத்தாக்கு குறுக்கே V வடிவில் ஒடுங்கும். ஆற்றின் போக்கில் பின்னால் போகப் போகத் தரையும் மேலேறும். இப்படி இரண்டு பக்கமும் ஒடுங்கும் பள்ளத்தில் கொள்ளளவு ஏறக்குறைய உயரத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறும். 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது பாதி. உயரம் பாதியானால் தண்ணீர் எட்டில் ஒரு பங்குதான். ஒவ்வொரு அணைக்கும் அளந்து போட்ட அட்டவணை உண்டு, அதுதான் சரியான கணக்கு. கையில் அது இல்லாதபோது இந்த மும்மடிக் கணக்கு தோராயமாக உதவும்.

இதனால் வரும் விளைவு ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. மேல் அடிகள் மெதுவாக இறங்கும், கீழ் அடிகள் மடமடவென்று இறங்கும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு அடித் தண்ணீர் என்பது சுமார் 1.08 கோடி கன அடி. திறப்பு வரத்தைவிட வினாடிக்கு 1,000 கன அடி அதிகமாக இருந்தால் ஒரு நாளில் 8.64 கோடி கன அடி போய்விடும். ஏரி 8 சதுர கிலோமீட்டர் விரிந்திருக்கும்போது அது ஒரு அடி. அதே ஏரி 2 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியபின் அதே திறப்புக்கு நாளொன்றுக்கு நான்கு அடி. "போன மாதம் இப்படி இறங்கவில்லையே" என்று வியப்பவர்கள் பரப்பைக் கணக்கில் எடுக்காதவர்கள்.

டி.எம்.சி. கணக்கு வேண்டுமானால்: வினாடிக்கு 11,574 கன அடி வீதம் முழு நாளும் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி.

கேள்வி: மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் அணையை நிரப்பாமல் இறக்கி வைக்கிறார்கள். படகுத்துறையும் வெறும் தரையில் நிற்கிறது. ஏன்?

வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் விடுகிறார்கள். எந்தத் தேதியில் எந்த மட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வொரு அணைக்கும் ஒரு வரைகோடு இருக்கும். மழை தீவிரமாகும் மாதங்களில் கோடு தாழ்ந்திருக்கும், மழை ஓயும்போது நிறைமட்டம் வரை ஏறும். பொழுதுபோக்குக்காக அதை மாற்ற மாட்டார்கள். ஆகவே பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது மழைக்காலத்தின் கடைசி வாரங்களைப் பாருங்கள். ஏரி பெரும்பாலும் அப்போதுதான் நிறைந்திருக்கும்.

கேள்வி: டிரெய்லரில் சிறிய மோட்டார் படகு கொண்டுபோகிறேன். தண்ணீர் எவ்வளவு இறங்கினால் படகை இறக்க முடியாது?

சரிவுத்தளத்தின் கடைசி விளிம்பில் குறைந்தது 3 அடித் தண்ணீர் வேண்டும். கனமான படகுக்கு 4 அடி. முன்பு சொன்ன நான்காவது எண்ணை இன்றைய மட்டத்திலிருந்து கழித்தால் இது கிடைத்துவிடும். விடை 3-க்குக் கீழே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

சரிவுத்தளங்களை வழக்கமாக 12 முதல் 15 சதவீதச் சரிவில் கட்டுவார்கள். 14 சதவீதத்தில் மட்டம் 10 அடி இறங்கினால் தண்ணீர் விளிம்பு சுமார் 70 அடி தள்ளிப் போயிருக்கும். போன முறை நிறுத்திய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பின்னால் வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எண் தெரியாவிட்டால் ஒரு நீண்ட கம்பை எடுத்து, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தளத்தின் ஓரமாக நடந்து பாருங்கள். கம்பு 'டொக்' என்றால் கான்கிரீட், 'சொத' என்றால் சேறு. டொக் நின்ற இடத்தில் ஆழத்தை அளந்து, அந்த இடத்துக்கு நேராகக் கரையில் ஒரு கல் வையுங்கள். டிரெய்லரின் சக்கரம் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது.

தாண்டினால் என்ன ஆகும்? கான்கிரீட் முடியும் இடத்தில் பெரும்பாலும் ஒரு குழி இருக்கும். படகை டிரெய்லர் மேல் ஏற்றும்போது பலர் எஞ்சினை முடுக்கித் தள்ளுவார்கள். ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் தளத்தின் நுனிக்கு அடியிலிருக்கும் மண்ணை அரித்துவிடும். மட்டம் உயர்ந்திருக்கும்வரை அந்தக் குழி ஆழத்தில் கிடப்பதால் யாருக்கும் தெரியாது. மட்டம் இறங்கியதும் சக்கரம் அதில் விழும், அச்சு கான்கிரீட் விளிம்பில் மாட்டும். அப்போது வண்டியை முறுக்கி இழுத்தால் அச்சு வளையும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் கழன்று வரும். முதலில் படகை மிதக்கவிட்டு எடையைக் குறையுங்கள். பிறகு டிரெய்லரின் பின்பகுதியை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் பலகையோ தட்டைக் கல்லோ கொடுத்து, மெதுவாக இழுங்கள்.

சமீபத்தில் தண்ணீர் வடிந்த தளத்தின்மேல் வண்டல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். டயர் அதில் சோப்பு மேல் நிற்பதுபோல நிற்கும். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே போதும், ஆனால் யாரும் செய்வதில்லை.

இரவு படகைத் தண்ணீரிலேயே விடுவதாக இருந்தால் கரையில் நிலையாக நிற்கும் கம்பத்தில் குட்டையாகக் கட்டாதீர்கள். மட்டம் இறங்கினால் படகின் மூக்கு கயிற்றில் தொங்கும், ஏறினால் மூக்கு தண்ணீருக்குள் இழுபடும். மிதக்கும் துறையில் கட்டுங்கள். அது இல்லையென்றால் நங்கூரம் போட்டு, ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள். காலைக்குள் ஏறக்கூடிய உயரத்தையும் அந்த ஆழத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கேள்வி: சமவெளியில் நன்றாக ஓடிய எஞ்சின் 2,000 மீட்டர் உயர ஏரியில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. போதாததற்கு ஒரு மரக்கட்டையில் அடித்து நின்றும்விட்டது.

எஞ்சின் பழுதில்லை, காற்று மெலிந்திருக்கிறது. ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீத சக்தி குறையும். 2,000 மீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓரிரண்டு அங்குலம் குறைந்த ப்ரொப்பெல்லர் மாட்டினால் எஞ்சின் தன் வேகத்துக்குச் சுற்றும். ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை கூடும். போன சக்தி அதனால் திரும்பாது, இருப்பதை வீணாக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால் எரிபொருள் கலவையும் செறிவாகிவிடும். கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும். எரிபொருள் பாயும் துளையான ஜெட்டைச் சிறியதாக மாற்றி மாட்டுவார்கள். சமவெளிக்குத் திரும்பியதும் பழைய ஜெட்டை மறக்காமல் மாட்டுங்கள். மறந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிக் கெடும். மலையில் வரும் தொல்லையைவிட இதில் செலவு அதிகம்.

மரக்கட்டை விஷயம்: காட்டை வெட்டாமலே மூழ்கடித்த ஏரிகள் பல. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் தேக்கடி ஏரியில் இன்றும் தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெளியே தெரியும் கட்டையைவிட, நீருக்கு ஒன்றிலிருந்து மூன்று அடி கீழே இருக்கும் கட்டைதான் ஆபத்து. மட்டம் மாற மாற அந்த ஆழத்தில் இருக்கும் கட்டைகளும் மாறும். ஆகவே போன மாதம் பத்திரமாகப் போன பாதை இந்த மாதமும் பத்திரம் என்று சொல்ல முடியாது. கரைச்சரிவில் கட்டைகள் தெரிந்தால் அதே சரிவின் தொடர்ச்சி நீருக்குள்ளும் அப்படித்தான் இருக்கும். அங்கே நடை வேகத்தில் போங்கள்.

சிறிய எஞ்சினில் அடிபட்டதும் முதலில் ஒடிவது ஷியர் பின். கியரைக் காப்பாற்ற ஒடியும்படியே செய்த மெல்லிய ஊசி அது. எஞ்சினை அணைத்து, அவசர நிறுத்தக் கயிற்றைக் கழற்றி, எஞ்சினை மேலே சாய்த்துக்கொள்ளுங்கள். காட்டர் பின்னை நிமிர்த்தி எடுத்து, நட்டைக் கழற்றி, ப்ரொப்பெல்லரை உருவுங்கள். ஒடிந்த துண்டைத் தள்ளி எடுத்துப் புதியதைச் செருகி, கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டுங்கள். கீழே ஒரு துணியையோ வாளியையோ பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நட்டு ஏரியில் விழுந்தால் துடுப்புதான் கதி. இரண்டு ஷியர் பின், இரண்டு காட்டர் பின், ஒரு குறடு எப்போதும் படகில் இருக்கட்டும். அவசரத்துக்கு இரும்பு ஆணியைச் செருகுகிறவர்கள் உண்டு. அடுத்த அடியில் ஆணி ஒடியாது, கியர் ஒடியும்.

ஆழம் குறைந்த சேற்று நீரில் ஓட்டியபின் குளிரூட்டும் நீர்த்தாரை பின்னால் சரியாகப் பீச்சுகிறதா என்று பாருங்கள். மெலிந்திருந்தால் உறிஞ்சும் துளையில் வண்டல் அடைத்திருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மேலே வெதுவெதுப்பாக இருக்கிறது, கால் கீழே போனால் விறைக்கிறது. நீந்தலாமா?

கோடையில் ஆழமான ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். வெயில் பட்ட லேசான நீர் மேலே, கனத்த குளிர்நீர் கீழே. நடுவில் ஓரிரு மீட்டருக்குள்ளேயே வெப்பம் சட்டென்று விழும். மேலே இருக்கும் வெதுவெதுப்பை நம்பிக் குதிக்கிறவர் நேராகக் குளிர் அடுக்குக்குள் போகிறார்.

குளிர்நீரில் முதலில் வருவது மூச்சுத் திணறல். உடம்பு விறைப்பது பிறகுதான். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் நீரைத்தான் இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். உறைபனிக்கு நெருங்கிய நீருக்கு மீட்புப் பணியாளர்கள் சொல்லும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் நீந்த முயலாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும்வரை காத்திருங்கள்.

குதிக்கக் கூடாது, நடந்து இறங்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் கோபுரம், மதகு, மிதவைச் சங்கிலி ஆகியவற்றின் அருகே போகவே கூடாது. உள்ளே இழுக்கும் ஓட்டம் ஆழத்தில் இருக்கும், மேற்பரப்பு அசையாமல் கிடக்கும். படகில் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் மாட்டுங்கள். 50 நியூட்டன் ஜாக்கெட் நீந்தத் தெரிந்தவருக்கு மிதவைத் துணை மட்டும்தான். 100 நியூட்டன் வகை, அமைதியான நீரில், மயங்கியவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்புவதற்காகச் செய்தது. குழந்தைக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டை இல்லாத ஜாக்கெட் தலைவழியே கழன்றுவிடும்.

கேள்வி: தண்ணீர் வடிந்த கரையில் காய்ந்த மண்போலத் தெரிந்தது. நான்கு அடி வைத்ததும் முழங்கால்வரை புதைந்துவிட்டேன்.

மேலே வெடித்த தோல், கீழே கூழ். ஆறு ஏரிக்குள் நுழையும் வால்பகுதியில்தான் இது மோசம், ஏனென்றால் வண்டல் அதிகம் படிவது அங்கே. தரை தட்டையாக இருப்பதால் தண்ணீர் அதிக தூரம் பின்வாங்குவதும் அங்கேதான். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் மட்டம் ஒரு அடி இறங்கினால் 20 அடி அகலச் சேறு வெளிப்படும்.

புதைந்தால் இன்னொரு காலை ஊன்றி இழுக்காதீர்கள், இரண்டும் மாட்டும். பின்னால் சாய்ந்து உட்காருங்கள், எடை பரவட்டும். துடுப்பையோ பலகையையோ குறுக்கே போட்டு அதன்மேல் கையை ஊன்றி, காலைச் சின்னச் சின்னதாக ஆட்டிக் காலைச் சுற்றி நீர் இறங்க வழி விடுங்கள். பிறகு தவழ்ந்து வெளியே வாருங்கள். செருப்பு போனால் போகட்டும்.

மட்டம் வேகமாக இறங்கும் நாட்களில் செங்குத்தான கரையிலும் நிற்காதீர்கள். வெளியே தண்ணீர் போய்விட்டது, கரை மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் போகவில்லை. தாங்கிப் பிடித்த நீர் விலகியதும் ஊறிய மண் சரியும். விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடினால் அதுதான் அறிகுறி. 1963 அக்டோபர் 9 இரவு இத்தாலியின் வயோன்ட் ஏரிக்குள் மலைச்சரிவே இறங்கியது ஏரி மட்டத்தைக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான். சுமார் 26 கோடி கன மீட்டர் மண்ணும் பாறையும் விழுந்தன. அணை உடையவில்லை, அதைத் தாண்டிய அலையில் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். உங்கள் ஏரிக்கரையில் சரியப்போவது ஒரு லாரி மண்ணாக இருக்கலாம். கீழே நிற்பவருக்கு அதுவே போதும்.

கேள்வி: ஏரிக்கரையில் கூடாரம் போட எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்?

தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். கரைப்பாறையில் ஏரியைச் சுற்றி ஒரு வெளிறிய பட்டை ஓடும். அதன் மேல் விளிம்பில் நிரந்தரச் செடிகொடி தொடங்கும், மிதந்து வந்த சுள்ளிகள் ஒதுங்கியிருக்கும். அதுதான் நிறைமட்டம். வெள்ளத்தில் அதற்கு மேலும் சில அடி ஏறும்படிதான் அணையை வடிவமைக்கிறார்கள். ஆகவே பட்டைக்கு மேலேயே இடம் பாருங்கள், ஓடை வாயை ஒட்டிப் போடாதீர்கள். மாலையில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். படுக்கப் போகும்முன் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் உட்கார்வது வேறு கதை. மின் தேவை கூடும்போது திறப்பார்கள், நிமிடங்களில் ஆறு மாறும். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலத்தில் லார்ஜி மின்திட்டத்துக்குக் கீழே பியாஸ் ஆற்றில் இறங்கியிருந்த 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் சேர்ந்து வருவது, இரைச்சல் மாறுவது, சைரன் ஒலிப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் பையை எடுக்காமல் கரையேறுங்கள். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரமும் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: சுற்றுலாப் படகில் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து போவது அவ்வளவு ஆபத்தா?

ஆம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு அப்படித்தான் சாய்ந்து கவிழ்ந்தது; 45 பேர் இறந்தார்கள். மேல்தளத்தில் நிற்கும் ஒருவர் கீழே உட்கார்ந்திருப்பவரைவிடப் படகை அதிகமாகச் சாய்க்கிறார். உட்கார்ந்தே பாருங்கள். படகைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், ஓட்டுநருக்கு அது ஒரு வேலையே இல்லை.

கேள்வி: கோடையில் கரையோரம் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல இருக்கிறது. காய்ச்சிக் குடித்தால் சரியாகுமா?

ஆகாது. அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. மட்டம் குறைந்து, நீர் சூடேறி, காற்றில்லாத நாட்களில் இது பெருகும். காற்று ஒதுக்கும் மூலையில் தடிக்கும். அங்கே குழந்தைகளையும் நாயையும் இறக்காதீர்கள். கை பட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: தூண்டில் போட மட்டம் ஏறும்போது நல்லதா, இறங்கும்போதா?

மெதுவாக ஏறும்போது. புதிதாக மூழ்கிய புல்லில் புழுவும் பூச்சியும் கிடைக்கும் என்று மீன் கரையோரம் வரும். முழங்கால் ஆழத்திலேயே போடலாம். இறங்கும்போது மீன் பழைய ஆற்றுத்தடத்தின் விளிம்புக்கு ஒதுங்கும். தூண்டிலை அங்கே, நடு ஆழத்தில் நிறுத்துங்கள். கோடையில் அடிவரை விடுவது வீண், கீழ் அடுக்கில் பிராணவாயு குறைந்திருக்கும்.